பூச்சரத்தின் கண்ணியும் வலையின் கண்ணியும்

பினாங்கு லெபோ பசார் பக்கம், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லிப் பழகிய இடத்தில், பிற்பகல் 3 மணிக்குப் பூக்கடையை எட்டிப் பார்த்தால் மல்லிகை இன்னும் மொட்டாகத்தான் இருக்கும். மொட்டாகவே தொடுப்பார்கள். வாங்கிப் போனவர் வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு அது தானாக விரியும். விரிந்த பூவைத் தொடுத்தால் கடையில் பார்க்க நன்றாக இருக்கும். கூந்தலுக்கோ சாமி படத்துக்கோ போய்ச் சேரும்போது துவண்டிருக்கும். பூ விற்கிற நேரத்தைவிட அது சூடப்படுகிற நேரம்தான் அங்கே கணக்கு. பூக்கட்டுபவருக்கு இது பேசத் தகுந்த சங்கதியே இல்லை. தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வாராந்திர அறிக்கை தயாரிப்பவருக்கோ வருடக்கணக்கில் தோன்றாத யோசனை இது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும்போது புத்தம் புதிதாக இருந்த எண்கள், மேலாளர் செவ்வாய்க்கிழமை திறக்கும்போது பழசாகிவிட்டிருக்கும்.

தொழிலில் யோசனை வறண்டுபோனால் பழகிய வட்டத்தை விட்டு வெளியே போ என்பார்கள். சரிதான், ஆனால் பாதி அறிவுரை. அப்படிப் போய் வருகிறவர்களில் பலர் நல்ல படங்களோடும் கொஞ்சம் தெம்போடும் திரும்புகிறார்கள். திங்கட்கிழமை அதே வேலையை அதே மாதிரி செய்கிறார்கள். இன்னொரு தொழிலை வேடிக்கை பார்த்துவிட்டு வருவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. உங்கள் சிக்கல் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போய், அது அங்கே எந்த உருவத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கு உளவியலில் பழைய விளக்கங்கள் உண்டு.

அனுபவம் கண்ணை மறைக்கும் இடம்

1942-இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட தண்ணீர் ஜாடிச் சோதனையைக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 21, 127, 3 அளவு பிடிக்கும் மூன்று ஜாடிகள். 100 அளவு தண்ணீர் வேண்டும். 127-இலிருந்து 21-ஐ ஒருமுறையும் 3-ஐ இரண்டு முறையும் கழித்தால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு 23, 49, 3 பிடிக்கும் ஜாடிகளில் 20 எடுக்கச் சொன்னார். 23-இல் 3 போனால் 20, அவ்வளவுதான். பழகியவர்களில் பெரும்பாலோர் 49-இல் தொடங்கி அதே சுற்றுவழியில் போனார்கள். முன்கணக்குகளைப் போடாமல் வந்தவர்களுக்கு நேர்வழி பளிச்சென்று தெரிந்தது. செக்குமாடு சோம்பேறி இல்லை. அந்தச் சுற்று அதற்கு நன்றாகவே பலன் தருகிறது, அதுதான் தொல்லை.

இதைவிடப் பயனுள்ளது 1980-இல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கார்ல் டுங்கரின் பழைய புதிர். வயிற்றில் ஒரு கட்டி. கதிர் பாய்ச்சி அழிக்கலாம், ஆனால் கட்டியை அழிக்கும் வலுவில் பாய்ச்சினால் வழியில் உள்ள நல்ல தசையும் கருகும். என்ன செய்வது? பல திசைகளிலிருந்து வலு குறைந்த கதிர்களைப் பாய்ச்சி, எல்லாம் கட்டியில் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். உதவியில்லாமல் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஏறக்குறைய 10 விழுக்காடு. புதிருக்கு முன்னால் ஒரு கோட்டைக் கதையை வாசிக்கக் கொடுத்தார்கள்: பாதைகளில் கண்ணிவெடி, பெரும்படை ஒரே பாதையில் போனால் வெடிக்கும், தளபதி படையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல பாதைகளில் அனுப்பி ஒரே நேரத்தில் கோட்டையில் சேர்க்கிறார். விடை அப்படியே கதைக்குள் இருக்கிறது. அப்படியும் சுயமாக அதைப் பிடித்துக்கொண்டவர்கள் சுமார் 30 விழுக்காடுதான். "அந்தக் கதை உதவும்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் நான்கில் மூன்று பேருக்கு விடை வந்துவிட்டது.

ஆக, பதில் கண்முன்னே இருந்தாலும் மனம் அதைத் தன் சிக்கலோடு தானாக முடிச்சுப் போடாது. யாராவது போடச் சொல்ல வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அந்த யாராவது அவருடைய நோட்டுப் புத்தகம்தான். 1983-இல் அதே இருவர் இன்னொன்றும் காட்டினார்கள்: ஒரு கதைக்குப் பதில் ஒரே அமைப்புள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், பொதுவான எலும்புக்கூடு மட்டும் மனதில் தங்குகிறது, புதிருக்கு விடை காண்பது கூடுகிறது. ஒரே ஒரு தொழிலைப் போய்ப் பார்ப்பது போதாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

எவ்வளவு தூரம் போவது

2014-இல் நிக்கோலாஸ் பிராங்கே குழுவினர் தச்சர்கள், கூரை வேலைக்காரர்கள், சக்கரக் காலணி ஓட்டுபவர்கள் என்ற மூன்று கூட்டத்தாரை எடுத்துக்கொண்டார்கள். தச்சருக்குச் சுவாசக் கவசம், கூரை வேலைக்காரருக்குப் பாதுகாப்பு வார், ஓட்டுபவருக்கு முழங்கால் கவசம். மூன்றுக்கும் ஒரே குறை: அணிந்தால் வசதியாக இல்லை, ஆகவே அணிவதில்லை. ஒவ்வொரு குறைக்கும் மூன்று கூட்டத்தாரிடமும் யோசனை கேட்டபோது, வெளியாட்கள் சொன்னவை அந்தத் தொழில்காரர் சொன்னதைவிடப் புதியவையாக இருந்தன. துறை தூரமாகத் தூரமாகப் புதுமை கூடியது. உடனே கையாளத் தக்கதாக இருப்பது குறைந்தது. இந்தப் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. கெவின் டன்பார் என்ற உளவியலாளர் 1990-களில் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடங்களில் உட்கார்ந்து கவனித்தபோதும், ஆய்வாளர்கள் தங்கள் சிக்கலைத் தீர்க்க வெகுதூரத்து உவமைகளை அரிதாகவே நாடினார்கள். பக்கத்துத் துறை உவமைகளே கை கொடுத்தன.

ரொம்பப் பக்கத்தில் போனாலும் பயனில்லை. பாயான் லெப்பாஸில் 1972 முதல் இருக்கும் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகளுக்குக் கம்பி இணைக்கும் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 25 மைக்ரான் தடிமன் உள்ள கம்பியை இழுத்துச் சோதிக்கும்போது எவ்வளவு விசையில் அறுந்தது என்பதோடு, எங்கே அறுந்தது என்பதையும் குறித்துக்கொள்வார். நடுக்கம்பி அறுந்தால் இணைப்பு நல்லது. தளத்திலிருந்து பெயர்ந்து வந்தால் மோசம். பூச்சரத்திலும் இதே சோதனை உண்டு. ஒரு மொட்டை மெல்ல இழுத்தால், காம்போடு உருவி வந்தால் கட்டு தளர்ச்சி. தலை மட்டும் கையோடு வந்து காம்பு முடிச்சில் நின்றால் பிடி இருக்கிறது. பொறியாளர் இதைப் பார்த்து அகமகிழ்ந்து போவார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே இது. அந்த மகிழ்ச்சியைப் புது யோசனை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆக, பொருளும் கருவியும் ஆட்களும் முற்றிலும் வேறாக இருக்க வேண்டும்; உங்களை அழுத்தும் நெருக்கடி மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குச் சிக்கலைத் தொழில் சொற்கள் இல்லாமல் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுனில் பல நிறுவனங்களின் கணக்கை ஒரே கூரையின் கீழ் பார்க்கும் அலுவலகம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். மாதக் கடைசியில் 1,000 பில்களை ஒரே கோப்பாக்கி வங்கிக்கு அனுப்புகிறார்கள். ஒரு வங்கிக் கணக்கு எண் தப்பாக இருந்தால் கோப்பு முழுவதும் திரும்பி வருகிறது. "பணக் கோப்பு நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதினால் மென்பொருள் விற்பவர்தான் நினைவுக்கு வருவார். "ஒன்று கெட்டால் எல்லாம் நிற்கிறது" என்று எழுதினால் ஊரே திறந்துவிடுகிறது.

தொடுப்பதும் கோப்பதும்

தமிழில் பூவைத் தொடுப்பது வேறு, கோப்பது வேறு. கல்யாண மாலைக்கு ரோஜா, கேமரன் மலையிலிருந்து வரும் சாமந்தி போன்றவற்றை நீண்ட ஊசியில் குத்திக் கோப்பார்கள். வேகமான வேலை, கனமான மாலை. ஆனால் நூல் ஓரிடத்தில் அறுந்தால் பூக்கள் வழுக்கிக்கொண்டு கொட்டிவிடும். மல்லிகைச் சரம் அப்படியில்லை. இரண்டு மொட்டு இடப்பக்கம் தலை வைத்து, இரண்டு மொட்டு வலப்பக்கம் தலை வைத்து, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழ வேண்டும். இடக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அதைப் பிடித்திருக்க, வலக்கை நூலைக் காம்புகளைச் சுற்றி ஒருமுறை கொண்டுவந்து, விரலில் ஒரு சுருக்கு முறுக்கி, காம்பின்மேல் மாட்டி இறுக்கும். இது ஒரு கண்ணி. அடுத்த நான்கு மொட்டு இதை ஒட்டி உட்காரும். நடுவில் நூல் அறுந்தால் அந்த இடத்தில் ஒன்றிரண்டு கண்ணி தளரும். மற்றவை அவரவர் சுருக்கில் நிற்கும்.

கற்றுக்கொள்பவர் முதல் அரைமணி நேரத்தில் செய்யும் தப்புகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. நூலை மேல்நோக்கி வெடுக்கென்று இழுப்பது. மல்லிகைக் காம்பு மெல்லிய குழாய், நூல் அதை அறுத்துவிடும். பயந்து தளர்த்தினால் சரத்தைத் தூக்கியதும் மொட்டு உருவி விழும். காய்ந்த பருத்தி நூல் வழுக்கும். லேசாக நனைத்த நூல் பிடிக்கும். "இழுக்காதீங்க தம்பி, அணைச்சு விடுங்க" என்று எதிரில் இருப்பவர் சொன்னால் அதன் பொருள் விரலுக்குப் புரிய இரண்டு முழமாவது ஆகும். கண்ணிகளுக்கு இடையே இடம் விட்டுக் கட்டினால் முழம் சீக்கிரம் வரும், பூ குறைவாகச் செலவாகும். வாங்குபவருக்கு அது ஒரே பார்வையில் தெரியும். நெருக்கிக் கட்டினால் நேரம் தின்னும்.

இங்கே அலுவலக ஆள் குறித்துக்கொள்ள வேண்டியவை: சேதம் பரவாமல் நிற்பதற்குக் காரணம் நூலின் வலு இல்லை, சுருக்குகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு சுருக்குக்கும் நேரம் என்ற விலை உண்டு. கோக்கும் வேகத்தை விட்டுக்கொடுக்காமல் தொடுக்கும் பாதுகாப்பு கிடைக்காது.

இனி இரண்டாவது கதை. பூவின் சுருக்குக்கும் வலையின் ஓட்டைக்கும் தமிழ் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறது, இரண்டும் கண்ணி. தெலுக் பகாங்கிலோ தெலுக் கும்பாரிலோ படகுகள் கரையில் இருக்கும் நேரத்தில் வலை பழுது பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பெயர்ப்பொருத்தம் கண்ணுக்குத் தெரியும். பின்னலாடையில் ஒரு இழை அறுந்தால் ஓட்டை ஏணிபோல் ஓடும். வலையில் ஒவ்வொரு கண்ணியின் மூலையிலும் தனி முடிச்சு இருப்பதால் ஓடாது. இதுவரை பூக்கடையில் பார்த்ததுதான். புதிதாகத் தெரிவது பழுது பார்க்கும் விதம். வலை ஊசியை எடுக்கும் முன்பு கத்தியை எடுப்பார்கள். கிழிசலைச் சுற்றி நைந்து தொங்கும் கண்ணிகளை எல்லாம் வெட்டி, நல்ல முடிச்சு கிடைக்கும் வரை ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். நைந்த இழையில் புது முடிச்சு போட்டால் அடுத்த இழுப்பில் அங்கேயே கிழியும். பூக்கடையில் இந்தப் பாடம் கிடைக்காது. உதிர்ந்த மொட்டை அங்கே பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். உதிர்ந்த பில்லைத் தள்ள முடியாது. தேடி எடுத்துப் பணம் கொடுத்தாக வேண்டும்.

போகும் விதம்

ஒருநாள் பயிற்சிப் பட்டறைகளை நம்ப வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கான வகுப்பில் மொட்டைத் தரம் பிரித்து, நூலை அளந்து வெட்டி, தட்டில் வைத்துவிடுவார்கள். தொழிலின் கஷ்டமான பாகமெல்லாம் நீங்கள் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். தப்பு நடக்க இடமே இல்லாத இடத்தில் கற்க என்ன இருக்கிறது? ஒரே இடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு 2 மணி நேரம், மூன்று வாரத்துக்குள். முதல் தடவை கை பழகாது. இரண்டாம் தடவை அதே தப்பு திரும்ப வரும். மூன்றாம் தடவைதான் அந்தத் தப்பு ஏன் வருகிறது என்று கேட்கும் அளவுக்கு மனம் ஓயும். ஆறு மாதம் போனால் நல்ல பொழுதுபோக்கு கிடைக்கும், ஆனால் எதற்காகப் போனோம் என்பது மறந்துவிடும். தவறில்லை, வேறு கணக்கு.

நேரம் பார்த்துப் போக வேண்டும். செவ்வாய், வெள்ளி கோயில் நாள். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை, தைப்பூச வாரம், தீபாவளி நெருக்கம் எல்லாம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வேளை. ஆடியில் கல்யாணம் குறைவு என்று நினைத்துப் போனால் அம்மன் கோயில்கள் ஆடி வெள்ளிக்குப் பூவை அள்ளிக்கொண்டிருக்கும். திங்கள் அல்லது புதன் பிற்பகல் பரவாயில்லை. "அக்கா, ஒரு முழம் கட்டப் பழகணும், கெட்டுப்போற பூவுக்குக் காசு கொடுத்துர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் கெடுப்பது அவர்கள் அன்று விற்க வேண்டிய சரக்கு. வேலையை இன்னும் வேகமாக்குவது எப்படி என்று ஆலோசனை சொல்லத் தொடங்கினால் அத்தோடு பாடம் முடிந்தது. செலவை நிறுவனத்தின் தலையில் கட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் எச்ஆர்டி கார்ப் (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) வரியிலிருந்து பதிவுபெற்ற பயிற்சியாளருக்குத்தான் பணம் கோரலாம், பூக்கடைக்கு முடியாது.

அன்றிரவே எழுத வேண்டும். பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் அங்கே கண்டது, வலப்பக்கம் உங்கள் வேலையில் அதற்கு ஈடானது. வலப்பக்கம் ஒன்றும் தோன்றவில்லை என்றால் காலியாக விடுங்கள். இழுத்துக் கட்டிய ஈடுதான் பிறகு தவறான வழிக்குக் கொண்டுபோகும். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லை எழுதினால் நல்லது. மல்லிகை, நூல், வாழையிலை என்று எழுதி வருபவர் கடைசியில் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் மல்லிகைப் படம் போடுவார். அணைக்கிறார், வெட்டிப் பெரிதாக்குகிறார், மொட்டிலேயே கட்டுகிறார் என்று எழுதுபவருக்கு வேறு வழி திறக்கும்.

திரும்பி வந்த பிறகு

1,000 பில்லை 50 பில் கொண்ட 20 கட்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கட்டுக்கும் தனியாகப் பில் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் சரிபார்க்க வேண்டும், அதுதான் சுருக்கு. ஒரு கட்டு திரும்பினால் மற்ற 19-இல் உள்ள 950 பில்களுக்குப் பணம் போய்விடும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒப்புதல் கொடுப்பவர் இப்போது 20 முறை அழுத்த வேண்டும். ஐந்தாவதுக்குப் பிறகு அவர் எதையும் பார்க்காமல் அழுத்துவார். கண்ணி அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. 100 பில் கொண்ட 10 கட்டு நடைமுறைக்கு ஒத்துவரலாம். வங்கி ஒரு கோப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிழை வந்த கட்டில் வலைக்காரரின் கத்தி வேலை செய்ய வேண்டும். தப்பான ஒரு பில்லை மட்டும் திருத்திவிட்டு மறுபடி அனுப்பும் அவசரத்தில்தான் அடுத்த பிழை வருகிறது. அந்த விற்பனையாளரின் மற்றப் பில்களையும், அதே ஆள் அதே நாளில் பதிவு செய்தவற்றையும் வெளியே எடுத்து, மீதியை அனுப்பிவிட்டு, எடுத்தவற்றை ஒருவர் பெயரில் ஒப்படைக்க வேண்டும். பெயர் இல்லாத நிறுத்தப் பட்டியலில் பில்கள் மாதக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு கட்டுக்கும், வேறெந்தக் கட்டுக்கும் வராத தனி எண் ஒன்றும் கட்டாயம். அது இல்லாமல் மறு அனுப்பல் செய்தால் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போகும். இந்த ஆபத்து பூவிலும் இல்லை, வலையிலும் இல்லை. உவமை கைவிடும் இடம் இது; இங்கிருந்து உங்கள் சொந்தத் தொழிலறிவுதான் வழிகாட்ட வேண்டும்.

எதை அளக்கப் போகிறீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இதற்கு லண்டனில் ஒரு நல்ல பதிவு இருக்கிறது. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையை அறுவை அறையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைக்கும் வேலையில் குழப்பம் மிகுந்திருந்தது. மருத்துவர்கள் ஃபார்முலா 1 பந்தயத்தில் டயர் மாற்றும் ஆட்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஃபெராரி அணியிடம் கற்கப் போனார்கள், விமானிகளிடமும் கேட்டார்கள். இங்கேயும் இரண்டு கதை. பந்தயம் என்றால் வேகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் எடுத்து வந்தது, யார் தலைமை என்பதில் குழப்பமில்லாமை. அந்நாளில் பந்தயத்தில் வண்டியை எப்போது விடலாம் என்று ஒரே ஆள் முடிவு செய்தார். அந்தப் பொறுப்பை மயக்க மருத்துவரிடம் கொடுத்தார்கள். முதலில் கருவிகள் மாற்றம், அது முடியும்வரை பேச்சில்லை, பிறகு தகவல், பிறகு கலந்து பேசுதல் என்று வரிசைப்படுத்தினார்கள். 2007-இல் வெளியான முடிவில், ஒரு ஒப்படைப்புக்குச் சராசரித் தொழில்நுட்பப் பிழைகள் 5.42-இலிருந்து 3.15-க்கு இறங்கியிருந்தன, விடுபட்ட தகவல்கள் 2.09-இலிருந்து 1.07-க்கு. நேரம் மட்டும் 10.8 நிமிடத்திலிருந்து 9.4-க்குத்தான் குறைந்தது. கையில் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்திருந்தால், ஒன்றரை நிமிடத்துக்காக இத்தாலிவரை போனார்களா என்றுதான் கேட்டிருப்பார்கள்.